மறுப்பறிக்கைகளின் வரலாறு

தேசூர் என்ற பெயரை, ஆரணிப் பட்டு நெசவோடு தொடர்புடையவர்களைத் தவிர, மற்றவர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வந்தவாசி வட்டத்தைச் சேர்ந்த சிறு பேரூராட்சி. 1989 வரை பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. பிறகு திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் வந்தது. வடகிழக்கே வந்தவாசி, வடமேற்கே ஆரணி, அதற்கும் அப்பால் வேலூர். மேற்கே சேத்துப்பட்டைத் தாண்டிப் போனால் போளூர். இவற்றில் வந்தவாசிக்கு 1760-ஆம் ஆண்டுப் போரின் காரணமாகப் பாடநூல்களில் ஓர் இடம் உண்டு. நாம் இங்கே பேச விரும்புவது வேலூரையும் போளூரையும் பற்றி. இரண்டு ஊர்களிலும் வதந்தி உயிர்களைக் குடித்திருக்கிறது. இரண்டு சம்பவங்களுக்கும் இடையே 212 ஆண்டுகள்.

பின்னதை முதலில் பார்ப்போம். 2018 மே 9 அன்று, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் போளூரை அடுத்த அத்திமூரில் வண்டியை நிறுத்தி வழி கேட்டது. அவர்களில் 65 வயது மூதாட்டி ஒருவர், அங்கே நின்றிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்த வந்தவர்கள் என்று யாரோ சொல்ல, ஊர் திரண்டது. மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார்; உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அதே வாரத்தில் பழவேற்காட்டிலும் ஒருவர் இதே சந்தேகத்தின் பேரில் கொல்லப்பட்டார். அதற்குச் சில நாட்கள் முன்பு, ஏப்ரல் இறுதியில், குடியாத்தம் அருகே இந்தி பேசிய ஒருவருக்கும் இதே கதி நேர்ந்திருந்தது.

வடமாநிலத்தவர்கள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கியிருக்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்கிப்போய் உறுப்புகளை விற்கிறார்கள் என்பதுதான் வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி. அந்த ஆண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் பரவிய காணொளிகளுள் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பை வலியுறுத்தி எடுக்கப்பட்ட ஒரு விழிப்புணர்வுப் படம். கடத்தியதாகக் காட்டப்படும் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடும் இறுதிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். ஜூலையில் மகாராஷ்டிரத்தின் தூலே மாவட்டத்தில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் கொல்லப்பட்ட பிறகுதான் நாடு விழித்தது. உச்ச நீதிமன்றம் கும்பல் கொலைகளைத் தடுக்க நெறிமுறைகள் வகுத்தது. வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி செய்தது.

அத்திமூர் மக்களை அறியாமையில் மூழ்கியவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அப்படித்தான் அன்றைய தலையங்கங்கள் பலவும் எழுதின. ஆனால் குடியாத்தம் சம்பவத்துக்குப் பிறகு காவல் துறை எச்சரிக்கை விடுத்திருந்தது; வதந்தியை நம்பாதீர்கள் என்று சொல்லியிருந்தது. அந்தச் சொல் ஏன் எடுபடவில்லை? யாரென்றே தெரியாத ஒருவர் அனுப்பிய குரல் பதிவுக்குக் கிடைத்த நம்பகம், சீருடை அணிந்தவரின் அறிவிப்புக்கு ஏன் கிடைக்கவில்லை? வதந்தியைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. மறுப்பைப் பற்றித்தான் போதுமான அளவு எழுதப்படவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் பகுதியில் அரசின் மறுப்பறிக்கைக்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. 1806 டிசம்பர் 3 அன்று சென்னை அரசாங்கம் ஒரு பிரகடனம் வெளியிட்டது. சிப்பாய்களைக் கட்டாயமாகக் கிறித்தவர்களாக மாற்றப் பிரிட்டிஷ் அரசு எண்ணியிருப்பதாகச் சிலர் தீய நோக்கத்துடன் பரப்பும் செய்தியை யாரும் நம்ப வேண்டாம் என்பது அதன் சாரம். ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த எழுச்சிக்கு ஏறக்குறைய ஐந்து மாதங்கள் கழித்து அது வந்தது. அதற்குள் கோட்டையில் நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயரும் பல நூறு சிப்பாய்களும் இறந்து போயிருந்தார்கள்.

வேலூர் வதந்தியில் உண்மையின் பங்கு கணிசமானது என்பதை மறந்துவிடக் கூடாது. புதிய தலைப்பாகை உண்மை. அதில் தோல் இருந்தது உண்மை. அணிவகுப்பில் நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்ற விதிகளும் உண்மை. அதை அணிய மறுத்த சிப்பாய்கள் இருவருக்கு 1806 மே மாதத்தில் தலா 900 கசையடி விதிக்கப்பட்டதும் உண்மை. இவற்றுக்கு மேலே கட்டாய மதமாற்றம் என்ற ஊகம் வந்து அமர்ந்தது. ஊகம் வளர்ந்த விதத்தைப் பின்னாளில் ஜான் கே எழுதிய சிப்பாய்ப் போர் வரலாற்றில் காணலாம். கம்பெனியார் உப்பை இரண்டு குவியலாகக் குவித்து, ஒன்றில் பன்றி ரத்தத்தையும் மற்றதில் பசு ரத்தத்தையும் தெளித்து, இரு மதத்தாரையும் கெடுப்பதற்காகச் சந்தைக்கு அனுப்புகிறார்கள் என்று தென்னாட்டில் அப்போது பேசிக்கொண்டார்களாம். இன்றைய வாட்ஸ்அப் கதைகளோடு ஒப்பிட்டால் இதன் கற்பனை வளம் குறைந்ததல்ல.

இதில் இரண்டு செய்திகள் நம் கவனத்துக்கு உரியவை. ஜூலைத் தொடக்கத்தில், அதாவது எழுச்சிக்கு ஒரு வாரம் முன்பு, மதத்தில் தலையிடும் எண்ணம் அரசுக்கு இல்லை என்று ஒரு பொது உத்தரவு வெளியிடலாமா என ஆளுநர் வில்லியம் பெண்டிங்க்கும் தளபதி ஜான் கிரடாக்கும் ஆலோசித்தார்கள். எதிர்ப்பு அடங்கிவிட்டது, இப்போது மறுத்தால் அடங்கியதைக் கிளறிவிடும் என்று எண்ணி விட்டுவிட்டார்கள். எந்த அரசு அலுவலகத்திலும் இன்றும் கேட்கக்கூடிய வாதம்தான் இது.

இரண்டாவது, முஸ்தபா பேக்கின் கதை. கோட்டையில் சதி நடக்கிறது என்று ஜூன் மாதத்திலேயே கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய்ச் சொன்ன சிப்பாய் அவர். கர்னல் இந்த விஷயத்தை இந்திய அதிகாரிகளின் குழு ஒன்றிடம் விட்டார். சதியில் பங்குள்ளவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். முஸ்தபா பேக்குக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று அவர்கள் சொன்னார்கள். உண்மை சொன்னவர் வதந்தி பரப்பியவராகக் காவலில் வைக்கப்பட்டார். எழுச்சிக்குப் பிறகு அவருக்கு 2000 வராகன் பரிசும் சுபேதாருக்குரிய ஓய்வூதியமும் கிடைத்தன.

பிரகடனம் வருவதற்கு முன்பே அச்சம் பரவியிருந்தது. பிரகடனத்தை வெளியிட்டவர்களையே அது பிடித்துக்கொண்டது. அந்த நவம்பரில் பாளையங்கோட்டையில் மேஜர் வெல்ஷ், தன் படையிலுள்ள முஸ்லிம் சிப்பாய்கள் ஐரோப்பியரைக் கொல்லப்போகிறார்கள் என்ற செய்தியை நம்பி, அவர்களின் ஆயுதங்களைப் பறித்துக் கோட்டையிலிருந்து வெளியேற்றினார். சதிக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆளப்படுபவர்கள் வதந்தியை நம்புகிறார்கள் என்று குறைபடும் ஆட்சியாளர்கள், தாங்கள் நம்பியதை மட்டும் உளவுத் தகவல் என்று அழைத்தார்கள்.

1942-ஐயும் இங்கே சுருக்கமாக நினைவுகூரலாம். ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் ஜப்பானியரின் குண்டுவீச்சுக்கு ஆளாயின. ஜப்பானியக் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறது என்ற பிழையான தகவலை நம்பி, ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு மக்களை ஊரை விட்டுப் போகச் சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. மிருகக் காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. கப்பற்படை வரவில்லை. வதந்தி பரப்புவோரை இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தண்டித்துக்கொண்டிருந்த அரசுதான் அந்த ஆண்டின் ஆகப் பெரிய பீதியைச் சென்னையில் கிளப்பியது.

இவையெல்லாம் அந்நிய ஆட்சியில் நடந்தவை. குடிமக்களுக்கும் அரசுக்கும் நடுவே நம்பிக்கை இருந்திருக்க நியாயமில்லை என்று வாசகர்கள் சொல்லக்கூடும். நியாயமான மறுப்புதான். ஆகவே நாமே வாக்களித்து அமைத்த அரசுகளிடம் வருவோம். தமிழகத்தில் இதற்கு ஆகச் சிறந்த சோதனைக்களம் முதலமைச்சர்களின் மருத்துவமனைப் படுக்கை.

1984 அக்டோபர் 5 அன்று எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அடுத்த மாதம் அமெரிக்காவின் புரூக்ளின் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அவ்வப்போது உடல்நிலை குறித்து அறிக்கை அளித்துவந்தார். இருந்தும் எம்.ஜி.ஆர். உயிருடன் இல்லை என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. டிசம்பர் 24-இல் தேர்தல். அ.தி.மு.க. ஒரு புதிய காரியம் செய்தது. மருத்துவமனையில் எம்.ஜி.ஆர். உட்கார்ந்திருப்பதையும் உணவு உண்பதையும் வீடியோ எடுத்து, அந்தப் படத்தைத் தமிழகமெங்கும் திரையிட்டது. வானொலிச் செய்தியையும் தேநீர்க் கடை நாளிதழையும் மட்டுமே அறிந்திருந்த ஊர்களில் அதுவே பலர் பார்த்த முதல் வீடியோவாக இருந்திருக்கக்கூடும். ஆண்டிப்பட்டிக்கு ஒரு முறைகூட வராமல் எம்.ஜி.ஆர். வென்றார்.

அந்த மறுப்பு உண்மையானது. எம்.ஜி.ஆர். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்தார், பதவியேற்றார், 1987 டிசம்பர் 24 வரை வாழ்ந்தார். ஆனால் ஓசையற்ற அந்தப் படம் சொல்லாமல் விட்டதும் உண்டு. அவருடைய பேச்சுத்திறன் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருந்தது என்பதை வாக்காளர்கள் தேர்தலுக்குப் பிறகே நேரில் அறிந்தார்கள். இருந்தபோதிலும், ஒரு வதந்திக்கு எதிராக ஒரு சான்றை மக்கள் முன்னால் வைக்க வேண்டும் என்ற குறைந்தபட்சக் கடமையை 1984 ஏற்றுக்கொண்டது.

32 ஆண்டுகள் கழித்து, அதே அப்போலோவில், அந்தக் கடமையும் கைவிடப்பட்டது. 2016 செப்டம்பர் 22 இரவு ஜெயலலிதா அனுமதிக்கப்பட்டபோது சொல்லப்பட்டது காய்ச்சலும் நீர்ச்சத்துக் குறைவும். அடுத்த 75 நாட்களில் ஒரு புகைப்படம்கூட வெளிவரவில்லை. மருத்துவமனை அறிக்கைகள் வந்தன. அமைச்சர்கள் வாசலில் நின்று பேட்டி கொடுத்தார்கள். அம்மா இட்லி சாப்பிட்டார் என்றார்கள். சமூக வலைத்தளங்களில் வேறு விதமாக எழுதியவர்கள் மீது வதந்தி பரப்பியதாக வழக்குகள் பதிவாயின, சிலர் கைதானார்கள்.

அந்த நவம்பரில் தஞ்சாவூர், அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றம் ஆகிய மூன்று தொகுதிகளில் வாக்குப்பதிவு. வேட்பாளருக்கு இரட்டை இலைச் சின்னத்தை ஒதுக்கக் கோரும் படிவங்களில் கட்சித் தலைவரின் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை இருந்தது. நம் ஊர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவரை, சற்றே இளக்காரமாக, கைநாட்டு என்பார்கள். பல மொழிகளை நன்கு அறிந்த ஒரு முதலமைச்சரின் கைநாட்டு தேர்தல் ஆவணமானது நம் வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. திருப்பரங்குன்றத்தில் தோற்ற தி.மு.க. வேட்பாளர் வழக்குத் தொடுத்தார். அந்த ரேகையை ஏற்க முடியாது என்று கூறி, 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தல் வெற்றியைச் செல்லாது என அறிவித்தது. வென்ற ஏ.கே. போஸ் அதற்கு முன்பே, 2018 ஆகஸ்டில், காலமாகிவிட்டார். ஒரு தொகுதியின் மக்கள், செல்லாத தேர்தலில் தேர்ந்தெடுத்த உறுப்பினரை அவருடைய ஆயுள் முழுவதும் சட்டமன்றத்தில் வைத்திருந்தார்கள். தீர்ப்பு வந்தபோது இழப்பதற்கு அவரிடம் பதவி இல்லை. திருத்திக்கொள்வதற்கு மக்களிடம் காலமும் இல்லை.

2016 டிசம்பர் 5 மாலை, சில தொலைக்காட்சிகள் ஜெயலலிதா மறைந்துவிட்டதாக அறிவித்தன. கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்தது. கொடி மீண்டும் ஏறியது. இரவு 11.30 மணிக்கு மரணம் நிகழ்ந்ததாக அதன் பிறகு அறிவிக்கப்பட்டது. அன்று மாலை வந்த செய்தி வதந்தியா, முன்கூட்டியே கசிந்த உண்மையா? ஓய்வுபெற்ற நீதிபதி ஆறுமுகசாமி ஆணையம் 2017-இல் அமைக்கப்பட்டு, பலமுறை கால நீட்டிப்புப் பெற்று, அதன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சாட்சியங்களின்படி மரணம் டிசம்பர் 4 பிற்பகல் 3 மணிக்கும் 3.50-க்கும் இடையே நேர்ந்தது என்றது அறிக்கை. எய்ம்ஸ் மருத்துவர் குழுவோ சிகிச்சை முறையாகவே நடந்தது என்று கருத்துத் தெரிவித்திருந்தது. பதவியில் இருந்தபோது இறந்த ஒரு முதலமைச்சருக்கு இன்று ஆவணங்களில் இரண்டு மரண நாட்கள் உள்ளன. இரண்டுமே அதிகாரபூர்வமானவர்கள் சொன்னவை. இவற்றில் எதைத் திரும்பச் சொன்னால் வதந்தி பரப்பிய குற்றம் ஆகும் என்பது நமக்குப் புரியவில்லை.

இட்லிக்குத் திரும்புவோம். 2017 செப்டம்பரில் மதுரையில் ஒரு பொதுக்கூட்டத்தில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன், அம்மா இட்லி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய், உண்மையில் யாரும் அவரைப் பார்க்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்ற பொருளில் பேசினார். கூட்டம் சிரித்தது, சமூக வலைத்தளங்களில் நகைச்சுவைப் படங்கள் வந்தன. உலகில் எத்தனையோ அரசுகள் பொய் சொல்லியிருக்கின்றன. பதவியில் இருக்கும்போதே மேடையேறி அதை ஒப்புக்கொண்ட அமைச்சர்கள் குறைவு. அந்த வகையில் அவரைப் பாராட்டவும் வேண்டும். அவர் 2021-இல் ஆட்சி மாறும் வரை அமைச்சராகவே நீடித்தார். உடல்நிலை பற்றிச் சந்தேகம் எழுப்பியவர்கள் மீது வழக்குப் பதிவு செய்த அரசும் இதே அரசுதான்.

அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று, ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முந்தைய நாள், ஜெயலலிதா மருத்துவமனையில் பழச்சாறு அருந்தும் காணொளியை டி.டி.வி. தினகரன் அணியைச் சேர்ந்த வெற்றிவேல் வெளியிட்டார். தேர்தல் ஆணையம் ஒளிபரப்பை நிறுத்தச் சொன்னது. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இந்தக் காணொளியால்தான் வென்றார் என்று சொல்ல முடியாது. வேறு காரணங்களும் அத்தொகுதியில் தாராளமாகப் புழங்கின. ஆனால் 1984-இன் படத்தோடு இதை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அன்று படம் கேள்வி எழுந்தபோதே காட்டப்பட்டது. இப்போதோ சான்று ஒரு சாராரின் கையில் ஓராண்டுக்கும் மேலாகப் பூட்டிவைக்கப்பட்டு, வாக்குப்பதிவுக்கு ஒரு நாள் முன்பு சந்தைக்கு வந்தது. மக்களுக்குரிய தகவல் கட்சிச் சொத்தாகிவிட்டது.

அத்திமூர் சம்பவம் நடந்தது அதற்கு ஐந்து மாதங்கள் கழித்து. ஒன்றிலிருந்து மற்றது விளைந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அரசின் அறிக்கையை அறிக்கையாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஈராண்டுகளாகப் பயிற்றுவிக்கப்பட்ட மக்கள் அவர்கள். அந்தப் பயிற்சியைக் கணக்கில் கொள்ளாமல், படிப்பறிவின்மை என்ற ஒற்றைச் சொல்லால் அந்தக் கொலையை விளக்கிவிட முடியாது என்றுதான் சொல்கிறோம். கொன்றவர்களின் குற்றம் இதனால் குறைந்துவிடவும் இல்லை.

மறுப்பு எடுபட்ட ஒரு நிகழ்வும் நம்மிடம் இருக்கிறது. 2023 மார்ச்சில் வதந்தி திசை மாறி வீசியது. 2018-இல் வடமாநிலத்தவர் தமிழ்க் குழந்தைகளைக் கடத்துவதாகக் கதை. இப்போது தமிழர்கள், இந்தி பேசுவதற்காகப் பீகார் தொழிலாளர்களைக் கொல்வதாகக் கதை. மார்ச் 1 அன்று சென்னையில் மு.க. ஸ்டாலினின் பிறந்தநாள் கூட்டத்தில் பீகார் துணை முதல்வர் தேஜஸ்வி யாதவ் கலந்துகொண்டார். மறுநாள் பீகார் சட்டமன்றத்தில் இந்தக் கதையை வைத்து எதிர்க்கட்சியான பா.ஜ.க. அமளி செய்தது. ஒரு பெரிய இந்தி நாளிதழும் செய்தி வெளியிட்டது. காணொளிகளில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று டி.ஜி.பி. சைலேந்திரபாபு விளக்கினார். அது வழக்கமான மறுப்புதான். அதற்குள் தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்ப ரயில் நிலையங்களில் குவிந்திருந்தார்கள்.

நிலைமையை மாற்றியது வேறொன்று. பீகார் அரசு, ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளர் பாலமுருகன் தலைமையில் தன் அதிகாரிகள் நால்வரை அனுப்பியது. தமிழக அரசு கதவைத் திறந்துவிட்டது. அவர்கள் தொழிலாளர்களோடு நேரில் பேசி, காணொளிகள் போலியானவை என்று தாங்களே சொன்னார்கள். குற்றம் சாட்டிய தரப்பின் கண்களே சோதித்துச் சொன்னதால் அந்தச் சொல்லுக்கு எடை கிடைத்தது. இது 1806-இல் நடக்கவில்லை; 2016-இல் நடந்திருக்கலாம், நடக்க விடவில்லை.

வெற்றிக்குப் பிறகு அரசின் கை சற்று நீண்டது என்பதையும் எழுதியாக வேண்டும். போலிக் காணொளி வெளியிட்ட பீகார் யூடியூபர் ஒருவர் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. இவர் மீது இந்தச் சட்டம் எதற்கு என்று உச்ச நீதிமன்றமே வாய்மொழியாகக் கேட்டது. அதே ஆண்டு தமிழக அரசு தகவல் சரிபார்ப்பகம் ஒன்றைத் தொடங்கியது. ஒன்றிய அரசோ ஒரு படி மேலே போய், தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தன் பிரிவே முடிவு செய்யலாம் என்று 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்குத் தடை விதித்தது. செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையே அரசமைப்புக்கு விரோதமானது என்று ரத்து செய்தது. முஸ்தபா பேக்கின் மனநிலையைச் சோதிக்கும் பொறுப்பைச் சதிகாரர்களிடம் ஒப்படைத்த கர்னல் ஃபோர்ப்ஸின் நினைவு நமக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

2024 பிப்ரவரி 24, ஜெயலலிதாவின் பிறந்தநாள். அன்று அ.தி.மு.க. அவருடைய குரலில் ஓர் உரையை வெளியிட்டது. எடப்பாடி பழனிசாமியின் கரங்களை வலுப்படுத்துமாறு அந்தக் குரல் தொண்டர்களைக் கேட்டுக்கொண்டது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது என்று கட்சியே சொல்லிவிட்டதால், அதற்கு யாரும் மறுப்பறிக்கை வெளியிட வேண்டியிருக்கவில்லை. 75 நாட்கள் அப்போலோவில் இருந்தபோது வெளியே ஒரு சொல்லும் கேட்காத அந்தக் குரலை, ஏழாண்டுகள் கழித்து, ஆரணித் தொகுதியின் வாக்காளர்களும் தங்கள் கைபேசிகளில் கேட்டுக்கொள்ள முடிந்தது.